பிரேக்குக்கு முந்தைய ஒன்றரை நொடி

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் விபத்து அறிக்கை ஒன்றை வெளியிடுகிறது. 2022ஆம் ஆண்டுக்கான அறிக்கையின்படி, அந்த ஓராண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 49 பேர்.

பைக் விபத்து என்றதும் நம் மனதில் வருவது பெரும்பாலும் நெடுஞ்சாலையில் பறக்கும் இளைஞனின் உருவம். அப்படிச் சாகிறவர்களும் உண்டு. ஆனால் ஸ்கூட்டியில் பிள்ளையை டியூஷனில் விட்டுத் திரும்பும் அம்மா, ரேஷன் கடைக்கு மொபெட்டில் போகும் பெரியவர், ஷிப்ட் முடிந்து அரைத்தூக்கத்தில் வீடு திரும்பும் மில் தொழிலாளி ஆகியோரும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். ஹெல்மெட் மாட்டாததற்கு நம் வீடுகளில் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான். "பக்கத்துலதானே, இதோ வந்துடுறேன்." அந்தப் பக்கத்துத் தெருப் பயணத்தில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி சரிந்து, கையை ஊன்ற முடியாமல் போனால், அந்த உயரத்திலிருந்து விழும் தலை மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இதே வேகம்தான். தார்ச்சாலையோ சிமென்ட்டோ துளியும் அமுங்காது. மண்டை ஓடு விரிசல்விட இந்த வேகமே போதும். இதே ஆள் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் மின்கம்பத்திலோ நிற்கும் லாரியின் பின்புறத்திலோ நேராக மோதினால், ஒரு மாடி வைத்த வீட்டின் மொட்டை மாடியிலிருந்து கீழே குதித்ததற்குச் சமம். 60 கிலோமீட்டர் என்றால் உயரம் 14 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் மோதலின் ஆற்றல் இரண்டேகால் மடங்கு ஆகிவிடும். காரில் இருப்பவருக்கு இந்த ஆற்றலை வாங்கிக்கொள்ள முன்பக்கத் தகடு, பெல்ட், காற்றுப்பை எல்லாம் உண்டு. வண்டி ஓட்டுபவருக்குத் தலையில் ஒரு ஹெல்மெட்டும், மோதுவதற்கு முன்னால் கிடைக்கும் கொஞ்சம் நேரமும்தான். அந்த நேரத்தை எப்படிச் சேர்த்துவைப்பது என்பதைத்தான் இந்தக் கட்டுரை முக்கியமாகச் சொல்ல நினைக்கிறது.

முன்னால் ஒரு நாய் குறுக்கே வருகிறது. கண் பார்க்கிறது, மூளை புரிந்துகொள்கிறது, கையும் காலும் பிரேக்குக்குப் போகின்றன. சராசரி மனிதருக்கு இதற்கே ஏறக்குறைய ஒன்றரை நொடி பிடிக்கும். அந்த ஒன்றரை நொடியில் வண்டி கொஞ்சமும் வேகம் குறையாமல் ஓடிக்கொண்டிருக்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 17 மீட்டர், 60 என்றால் 25 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு நிற்க ஆகும் தூரம் தனி. காய்ந்த நல்ல சாலையில், ஓரளவு பழகியவர் பிடித்தால், 40இல் போன வண்டி ஆபத்தைக் கண்டதிலிருந்து மொத்தம் சுமார் 27 மீட்டரில் நிற்கும். 60இல் போன வண்டிக்கு 48 மீட்டர் வேண்டும்.

இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் அதை ஒருமுறையாவது போட்டுப்பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நாயைப் பார்க்கிறார்கள், ஒரே சுறுசுறுப்போடு பிரேக் பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 40இல் வந்தவர் நின்றுவிட்ட இடத்தை 60இல் வந்தவர் தொடும்போது அவர் பிரேக் பிடித்து இரண்டு மீட்டர்தான் ஆகியிருக்கும். அப்போது அவருடைய வேகம் இன்னமும் 57 கிலோமீட்டர். ஒருவர் மூச்சுவாங்கிக்கொண்டு நிற்கும் அதே இடத்தில் இன்னொருவர் ஏறக்குறைய முழு வேகத்தில் மோதுகிறார். 'இருபதுதானே கூட' என்று நாம் நினைக்கும் வேகத்தின் விலை இதுதான்.

ஆகவே பிரேக்குக்கு முந்தைய ஒன்றரை நொடியைக் குறைக்க முடிந்தால் அதுவே பெரிய லாபம். பள்ளிக்கூடம், கடைத்தெரு, பஸ் நிறுத்தம், நாற்சந்தி வரும்போது வலது கையின் இரண்டு விரல்களை முன்பிரேக் லீவரின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். பைக் என்றால் காலும் பிரேக்குக்கு மேல் தயாராக இருக்கட்டும். கை நகர்வதற்கு ஆகும் நேரம் மிச்சமாகும். பார்வை முன்சக்கரத்துக்கு அருகிலேயே இருந்தால் எல்லாமே திடீரென்றுதான் வரும். தூரத்தில் வைத்தால் நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸின் அடியில் தெரியும் கால்கள்கூடத் தகவல் சொல்லும். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாக எண்ணுங்கள். எண்ணி முடிக்கும் முன் நீங்களும் அந்தக் கம்பத்தைத் தாண்டினால் இடைவெளி போதாது. மழையில் இன்னும் இரண்டு எண்ணிக்கை கூட்டிக்கொள்ளுங்கள். நம் ஊரில் அந்த இடைவெளிக்குள் இன்னொருவர் புகுந்துவிடுவார் என்பது உண்மைதான். புகுந்தால் மறுபடி பின்தங்கிக்கொள்வதுதான் வழி. அதனால் ஆகும் தாமதம் ஓரிரு நொடிதான்.

செல்போனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் திரையை மூன்று நொடி பார்த்தால் 33 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாக அர்த்தம். தூக்கமும் மதுவும் அந்த ஒன்றரை நொடியை இழுத்து நீட்டிவிடுகின்றன. சட்டம் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலை எல்லையாக வைத்திருக்கிறது. வண்டி எடுக்கவேண்டிய நாளில் குடிக்காமலிருப்பதே சரி.

அடுத்தது பிரேக். வண்டி பழகும்போது நம்மில் பலருக்குச் சொல்லப்பட்ட அறிவுரை: "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிஞ்சிடும்." இந்த ஓர் அறிவுரையால் எத்தனையோ வண்டிகள் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் போயிருக்கின்றன. வேகம் குறையும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்கு நகர்கிறது. பின்சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் அது உருளாமல் தேய்ந்து சறுக்கும், வண்டி பக்கவாட்டில் வீசும். காய்ந்த சாலையில் நிறுத்தும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் முன்சக்கரத்திலிருந்துதான் வருகிறது. தூக்கி எறிவது வெடுக்கென்று பிடிப்பதால் நடக்கிறது. இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன்பிரேக்கை முதலில் மென்மையாகத் தொடங்கி, பாரம் முன்னால் வரவர இறுக்கிக்கொண்டே போகவேண்டும். கைப்பிடி நேராக இருக்கவேண்டும். வளைவில் சாய்ந்திருக்கும்போது, மணலில், ஜல்லி சிதறிய இடத்தில் முன்பிரேக்கை இறுக்கக் கூடாது. அங்கெல்லாம் போவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

2019 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் எல்லாப் புதிய வண்டிகளிலும், 125 சிசிக்கு மேல் என்றால் ஏபிஎஸ், அதற்குக் கீழே என்றால் குறைந்தபட்சம் சிபிஎஸ் இருக்கவேண்டும் என்பது விதி. இரண்டும் வேறுவேறு. சிபிஎஸ் உள்ள ஸ்கூட்டரில் இடது லீவரை அழுத்தினால் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் பகிர்ந்து போகும். ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. ஏபிஎஸ், சக்கரம் உருளாமல் நிற்கப்போவதை உணர்ந்து பிடியை விட்டுவிட்டுப் பிடிக்கும். லீவர் கையில் அதிரும். அதிர்ச்சியில் பலர் கையை எடுத்துவிடுகிறார்கள், எடுக்கக் கூடாது. விலை குறைந்த பல மாடல்களில் ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும்தான். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மைதானத்துத் தார்த்தரையில் 20, 30, 40 என்று வேகத்தைக் கூட்டி நிறுத்திப் பழகுங்கள். பிள்ளைக்கு முதல் வண்டி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் சாவி கொடுக்கும் முன் செய்யவைக்க வேண்டியதும் இதுதான். லைசென்ஸ் வாங்கும் வயது வராத பிள்ளைக்கு வண்டி கொடுத்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோருக்கே 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

இவ்வளவு கவனமாக ஓட்டினாலும் எதிரில் வருபவர் நம்மைப் பார்க்கவில்லை என்றால்? இருசக்கர விபத்துகளின் மையமே இந்தக் கேள்விதான். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியர் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளைச் சம்பவ இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டார். வேறொரு வாகனமும் சம்பந்தப்பட்ட மோதல்களில் மூன்றில் இரண்டு, அந்த வாகனக்காரர் பைக்குக்கு வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நேர்ந்தவை. எதிர்த்திசையில் வந்த கார் பைக்கின் முன்னால் குறுக்கே திரும்புவதுதான் அதிகம். அமெரிக்காவில் அது இடப்பக்கத் திருப்பம், இடதுபக்கம் ஓட்டும் நமக்கு அது வலப்பக்கத் திருப்பம். காரோட்டிகள் சொன்னது ஒரே பதில்: பார்க்கவே இல்லை.

அவர்கள் பொய் சொல்லவில்லை. நம்மை நோக்கி வரும் பொருள் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் இருக்கிறது என்பதை மூளை கணிப்பது, கண்ணில் அதன் உருவம் எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்பதை வைத்து. லாரி அகலமானது, அதனால் பெரிதாவது சட்டென்று தெரிகிறது. ஒல்லியான பைக் கடைசி நேரம் வரை சின்னப் புள்ளியாகவே இருந்துவிட்டுத் திடீரென்று பெரிதாகும். அதனால் 'இன்னும் தூரத்தில்தான் வருகிறான், போய்விடலாம்' என்று கணக்குத் தப்புகிறது. 2017 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளில் பகலிலும் முன்விளக்கு எரிந்துகொண்டே இருப்பது இதற்காகத்தான். "தம்பி, லைட் எரியுது" என்று இன்றும் சைகை காட்டும் நல்லவர்கள் இருக்கிறார்கள். அது எரியட்டும். சந்திப்பில் எதிரே ஒரு கார் திரும்பக் காத்திருந்தால், ஓட்டுநரின் முகத்தை நம்பாதீர்கள். அவர் உங்கள் பக்கம் பார்த்திருப்பார், ஆனால் உங்களைப் பார்த்திருக்க மாட்டார். அவருடைய முன்சக்கரத்தைக் கவனியுங்கள். கார் நகரத் தொடங்குவது முதலில் அங்கேதான் தெரியும்.

லாரி, பஸ் விஷயத்தில் நிலைமை வேறு. அவற்றின் இடப்பக்கத்தில், ஓட்டுநருக்குக் கண்ணாடியிலும் தெரியாத பெரிய பகுதி இருக்கிறது. நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது, உள்பக்கமாக ஒதுங்கிக்கொண்டு வரும். சிக்னலில் நிற்கும் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே வண்டியை நுழைப்பவர், பச்சை விழுந்ததும் அந்தப் பின்சக்கரத்தின் பாதையில் இருக்கிறார். நகரங்களில் மிகக் கொடூரமான மரணங்கள் இப்படித்தான் நேர்கின்றன. கனரக வண்டிக்கு இடப்பக்கம் சந்து தெரிந்தாலும் அது உங்களுக்கான வழி கிடையாது. பின்னால் நில்லுங்கள். நான்குவழிச் சாலையில் யு-டர்னுக்கு ஒரு கிலோமீட்டர் சுற்றவேண்டும் என்பதற்காக ராங் சைடில் வருவதும் இதே வகை. எதிரே வருபவருடைய வேகமும் உங்களுடையதும் கூடிவிடுகின்றன, அவர் உங்களை அந்தப் பக்கம் எதிர்பார்ப்பதும் இல்லை.

இரவில் பெரும்பாலான வண்டிகளின் லோ பீம் தெளிவாகக் காட்டுவது முப்பது, நாற்பது மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க 48 மீட்டர் வேண்டும் என்று பார்த்தோம். பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் டிப்பர் லாரியோ கரும்பு டிராக்டரோ கண்ணுக்குப் பட்ட பிறகு பிரேக் பிடித்தால் போதாது. தெருவிளக்கில்லாத சாலையில் 50ஐத் தாண்டக் கூடாது என்பது இந்தக் கணக்கிலிருந்து வருவது. எதிர்விளக்கு கண்ணைக் கூசினால் சாலையின் இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி வேகத்தைக் குறையுங்கள். பகலென்றால் சாலையின் மேற்பரப்பைக் கவனிக்க வேண்டும். முதல் மழையில் எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்கும். மெட்ரோ பணிக்காகப் போட்ட இரும்புத் தகடும், பெயின்ட் அடித்த கோடுகளும் ஈரத்தில் பிடிமானமே தராது. அறுவடைக் காலத்தில் கிராமச் சாலைகளில் காயப்போடும் நெல்லும் கதிர்த்தாளும் அப்படியே.

இப்போது ஹெல்மெட். 1935 மே மாதம், 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகம் அறிந்த டி. இ. லாரன்ஸ், இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் தன் வீட்டுக்கு அருகே, சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமல் தவிர்க்கப்போய் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டார். ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்தார். அவரைக் காப்பாற்ற முயன்ற மருத்துவர்களில் ஹியூ கெய்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். அந்த மரணம் அவரை விடவில்லை. பைக்கில் போகிறவர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு நவம்பரில், பணியில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் வீரர்கள் ஹெல்மெட் அணியவேண்டும் என்று பிரிட்டிஷ் ராணுவம் உத்தரவிட்டது. பொதுமக்களுக்கு அங்கே சட்டம் வர 1973 ஆயிற்று. கெய்ன்ஸ் அதற்கு இருபத்தொரு ஆண்டு முன்பே காலமாகிவிட்டார்.

ஹெல்மெட்டின் வேலையைச் செய்வது பளபளக்கும் வெளி ஓடு அல்ல, உள்ளே இருக்கும் கெட்டியான தெர்மகோல் அடுக்கு. தலை மோதும்போது அந்த அடுக்கு நசுங்குகிறது. நசுங்கும் அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்தில், சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகளில், தலையின் வேகம் படிப்படியாகக் குறைகிறது. மூளை மண்டை ஓட்டில் மோதும் விசை அதனால் குறைகிறது. உலகின் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று 2008இல் கண்டது. சாலையோரம் இருநூறு ரூபாய்க்குத் தொங்கும் சட்டி ஹெல்மெட்டில் இந்த அடுக்கே இருக்காது, வெறும் ஸ்பாஞ்சு இருக்கும். அது போலீஸுக்காக மாட்டுவது. ஐஎஸ் 4151 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, ரசீதோடு வாங்குங்கள். கன்னம் லேசாக அழுந்தவேண்டும். வாரைப் பூட்டிவிட்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளிப்பாருங்கள், கழன்றால் அளவு பெரிது. வாரைப் பூட்டாத ஹெல்மெட், தலை தரையைத் தொடும் முன்பே எங்கோ உருண்டுகொண்டிருக்கும்.

2022இல் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் இந்தியாவில் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். இந்த எண்ணில் எத்தனை மனைவிகள், எத்தனை அம்மாக்கள், எத்தனை கல்லூரிப் பெண்கள் என்று யோசித்தால் நெஞ்சு கனக்கிறது. முன்னால் இருப்பவருக்கு ஆபத்து வருவது கண்ணில் படும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் உண்டு. பின்னால் ஒருபக்கமாகக் கால் போட்டு, மடியில் பையோடு உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் இல்லை. நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் ஹெல்மெட் அணியவேண்டும் என்கிறது சட்டம். அதற்குக் கீழான குழந்தைக்கு ஓட்டுபவரோடு பிணைக்கும் பெல்ட்டும், குழந்தை ஹெல்மெட்டும், 40 கிலோமீட்டருக்குள் வேகமும் 2023 பிப்ரவரி முதல் கட்டாயம். புடவை முந்தானையையும் துப்பட்டாவையும் உட்காரும் முன்பே இறுக்கிச் செருகிவிட வேண்டும். பின்சக்கரத்தை மூடும் சேலைத் தடுப்பு அழகில்லை என்று கழற்றிவிட்டவர்கள் அதைத் திரும்ப மாட்டவேண்டும். மோட்டார் வாகன விதிகளே அதைக் கேட்கின்றன.

விபத்தைப் பார்க்க நேர்ந்தால் முதலில் 108. அடிபட்டவர் மயங்கியிருந்து, மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு, தலை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சு அடைத்தால் மட்டும் ஒருவர் கழுத்தைத் தாங்க இன்னொருவர் மெல்லக் கழற்றலாம். தண்ணீர் புகட்டக் கூடாது. 'நமக்கேன் வம்பு' என்று ஒதுங்கத் தேவையில்லை. உதவுபவரைப் பெயர் சொல்லச் சொல்லியோ சாட்சியாக வரச்சொல்லியோ கட்டாயப்படுத்த முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. பணத்துக்காகவும் தயங்கவேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்ட எந்த ஊர்க்காரருக்கும், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, வரையறுத்த தொகைக்குள், இலவசம்.

விழுந்து எழுந்து, "ஒண்ணும் இல்லைங்க, சிராய்ப்புதான்" என்று வண்டியைத் தூக்கிக்கொண்டு வீடு போகிறவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. மண்டை ஓட்டுக்கும் மூளையைச் சுற்றிய உறைக்கும் இடையே ரத்தக்குழாய் கிழிந்தால், ஆள் ஓரிரு மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு திடீரென்று சரியக்கூடும். தலையில் அடிபட்டு ஒரு கணம் நினைவு தப்பியிருந்தாலோ, வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வழக்கமில்லாத தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது இவற்றில் எது தெரிந்தாலுமோ, "தூங்கினா சரியாயிடும்" என்று படுக்கவிடாமல் சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு உடனே கூட்டிப்போகவேண்டும். ரத்தம் மெலிய மாத்திரை சாப்பிடுபவர், முதியவர் என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்கவும் கூடாது. அன்று தலையில் இருந்த ஹெல்மெட் வெளியே கீறல்கூட இல்லாமல் இருந்தாலும் அதன் உள்ளடுக்கு நசுங்கியிருக்கும், நசுங்கியது மறுபடி எழும்பாது. வாரை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள், வேறு யாரும் எடுத்து மாட்டிக்கொள்ளாதபடி.